பிழி

மூலக்குளத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஷஹாபுதீனின் துப்பாக்கி சுடும் கூடம் இருந்தது. துப்பாக்கி என்றதும் யாரும் மிரண்டுவிட வேண்டாம். எல்லாம் காற்றால் சுடும் கைத்துப்பாக்கிதான். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அட்டையில் கறுப்பு வட்டம், அந்த வட்டத்தின் நடுவை மிளகளவு ஈயக் குண்டால் துளைக்க வேண்டும். கீழே கல் அறுக்கும் மெஷின் போடும் கூச்சலில் மேலே ஒரு கூடம் இருப்பதே பாதித் தெருவுக்குத் தெரியாது.

ஷஹாபுதீனுக்கு முப்பத்தாறு வயது. கல்லூரி நாட்களில் நாலு பதக்கம் வாங்கியவன். அதை நானூறு முறை சொன்னவன். ஆனாலும் அவனுடைய நிஜமான பெருமை பதக்கங்கள் அல்ல, சுவரில் மாட்டியிருந்த வட்டப் படம். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துச் சுட்டவருடைய தப்பைச் சொல்லிவிடும் படம் அது. மேலே விழுந்தால் மணிக்கட்டு நிமிர்கிறது. வலது பக்கம் போனால் கட்டைவிரல் தள்ளுகிறது. கீழே இடது பக்கம் போனால் ட்ரிகரை இழுக்கும் விரலோடு சேர்த்துக் கை முழுவதும் இறுகுகிறது. யார் வந்து சுட்டாலும் அவன் முதலில் அட்டையைப் பார்ப்பான், பிறகு படத்தைப் பார்ப்பான், பிறகு ஜாதகம் பார்ப்பவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு பலன் சொல்ல ஆரம்பிப்பான். பலன் பெரும்பாலும் பலித்ததால் அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அந்தக் கூடத்துக்குக் கார்குழலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாற்பத்து நாலு வயது. சுடிதாரில் வந்திருந்தாலும் நிற்கிற நிலையிலேயே போலீஸ் என்று தெரிந்தது. ஏட்டாக இருந்தார். பெண் கைதிகளை ஜெயிலிலிருந்து கோர்ட்டுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற எஸ்கார்ட் டியூட்டி.

"என் பிரச்சினையைச் சுருக்கமா சொல்லிடறேன் தம்பி" என்றார். "வருஷத்துக்கு ஒருவாட்டி எங்களுக்குச் சுடுற டெஸ்ட்டு. பத்து குண்டு. நூத்துக்கு அறுவது எடுக்கணும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாப்பத்தொண்ணு. போன வருஷம் முப்பத்தெட்டு. வர்ற புதன்கிழமைக்கு அடுத்த புதன் மறுபடியும் டெஸ்ட்டு. பன்னெண்டு நாள் இருக்குது."

"இந்தவாட்டியும் போச்சுன்னா?"

"எஸ்கார்ட்டுல இருந்து எடுத்துடுவாங்க. ஸ்டேஷன்ல ஷிப்ட் டியூட்டி. நைட்டும் வரும். எங்க வீட்டுக்காரரு காலையில இடியாப்பக் கடை போடறாரு. நாலு மணிக்கு எழுந்து நான் பிழிஞ்சு குடுத்தாதான் கடை. அவருக்குத் தோள்பட்டை தூக்க முடியாது. நைட் டியூட்டி வந்தா கடையை மூடிட வேண்டியதுதான். மில்லு மூடினப்ப ஒருவாட்டி வீட்டுல சும்மா உட்கார்ந்து பார்த்தாரு. இன்னொருவாட்டி அவரை அப்படிப் பாக்க என்னால ஆகாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் சொன்னார். ஷஹாபுதீனுக்கு அந்த நிதானம் பிடித்துப்போயிற்று. பன்னிரண்டு நாள் தாராளம் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

முதல் பத்து குண்டைச் சுடச் சொல்லி அட்டையை எடுத்துப் பார்த்தான். அவனுக்கு உள்ளூரக் குஷி. பத்தும் கீழே இடது பக்கம், ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்படி ஒரே இடத்தில் விழுந்திருந்தன. கண்ட இடத்தில் சிதறியிருந்தால்தான் கவலை. தப்பையே ஒழுங்காகச் செய்கிறவரைத் திருத்துவது சுலபம். படத்தைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

சின்னச் சின்னத் தப்புகளை முதலில் எடுத்தான். கார்குழலி ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அட்டையையே முறைத்தார். அது கூடாது என்றான். துப்பாக்கி முனையில் இருக்கும் முன்குறி தெளிவாகத் தெரிய வேண்டும், அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று விளக்கினான்.

"தப்பு பண்ணவனை மங்கலா பாக்கச் சொல்றீங்க" என்றார் கார்குழலி.

"ஆமாக்கா. அவன் எங்கயும் போகமாட்டான். உங்க கையில இருக்கிறதுதான் ஆடும். அதைப் பாருங்க."

அதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். சுட்டதும் துளை எங்கே என்று பார்க்கத் துப்பாக்கியைச் சட்டென்று இறக்குகிற பழக்கம் இருந்தது. குண்டு போன பிறகும் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டு அப்படியே நிற்கச் சொன்னான், நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கும்வரை காத்திருப்பார். கை ஆட ஆரம்பித்தால் இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தூக்குங்கள் என்றான், அதையும் செய்தார். ஒருமுறை சொன்னால் இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை. மூன்றே நாளில் நிற்பதும் பார்ப்பதும் மூச்சும் பாடம் போட்டதுபோல் அமைந்துவிட்டன.

குண்டு மட்டும் கீழே இடது பக்கமே போனது.

இறுகுகிற கைதான் காரணம். அதற்கு ஷஹாபுதீனிடம் ஒரே மருந்து. எத்தனையோ பேருக்குக் கொடுத்துப் பலித்த மருந்து. "ட்ரிகரை இழுக்காதீங்கக்கா, பிழிங்க. மெதுவா, சீரா பிழிங்க" என்றான்.

கார்குழலி தலையாட்டிவிட்டுப் பிழிந்தார். குண்டு இன்னும் கீழே போனது.

"இன்னும் மெதுவா பிழிங்க."

மெதுவாகப் பிழிந்தார். அட்டையின் ஓரத்துக்கே போய்விட்டது.

சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயப்படுகிற கையா என்று ஷஹாபுதீனுக்குச் சந்தேகம் வந்தது. வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் கை முன்கூட்டியே குனிந்துகொள்ளும். பழைய ஆட்களுக்கே வருகிற வியாதி. அவரிடம் சொல்லிவிட்டே சில தடவை குண்டு போடாமல் துப்பாக்கியைக் கொடுத்துப் பார்த்தான். வெடிக்காது என்று தெரிந்த வெறும் துப்பாக்கியிலும் கை அதே அளவுதான் குனிந்தது, ஆகப் பயம் காரணம் இல்லை. பிறகு குழலின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நிற்க வைத்தான். நாணயம் விழாமல் ட்ரிகரை அழுத்தினால் கை ஆடவில்லை என்று அர்த்தம்.

"பிழிங்க" என்றான். நாணயம் விழுந்து தரையில் உருண்டு சுவரோரம் போய்ப் படுத்தது. கார்குழலி போய்க் குனிந்து எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். மறுபடி வைத்தான். மறுபடி "பிழிங்க." மறுபடி உருண்டது. அன்று சாயங்காலம் அந்த ஏட்டம்மா எத்தனை முறை குனிந்து நிமிர்ந்தார் என்று கீழ்க் கடைக்காரரைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார். மெஷினை நிறுத்திய பிறகு அவர் கூரையில் நாணயம் விழும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டதாம்.

எட்டாம் நாள் ஷஹாபுதீனின் பொறுமை தீர்ந்துபோனது. தீர்ந்ததற்குக் காரணம் கார்குழலி அல்ல, படம். படம் சொல்கிற தப்பு தெரிகிறது, மருந்தும் தெரிகிறது, கொடுத்தால் நோய் கூடுகிறது. இதுவரை அவனை அவமானப்படுத்தாத படம் இப்போது சுவரிலிருந்து சிரிப்பதுபோல் இருந்தது.

"வீட்டுல பழகுறீங்களா இல்லையாக்கா?"

"பழகுறேன் தம்பி. தண்ணி பாட்டிலைப் பிடிச்சிக்கிட்டு பழகுறேன்."

"அப்பறம் ஏன் இப்படி? பிழிங்கன்னுதானே சொல்றேன்?"

"பிழியத்தானே செய்றேன்."

"சில கைக்கு இது வராதுக்கா" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொல் போய்விட்டது. கார்குழலி துப்பாக்கியை மேஜையில் முனை அந்தப் பக்கம் இருக்கும்படி ஒழுங்காக வைத்தார். தினமும் கொண்டுவருகிற வாழையிலைப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "பாப்பாவுக்குக் குடுங்க" என்றார். படி இறங்கிப் போய்விட்டார்.

ஷஹாபுதீனுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஜீனத்துன்னிசா பொட்டலத்தைப் பிரித்து மகளுக்கு இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவனிடம் பேசுவதும் கணக்குப் போடுவதுபோல்தான்.

"எட்டு நாளா ஒரே விஷயத்தைச் சொல்றீங்க. அவங்களுக்கு வரல. சரியா?"

"சரி."

"நிக்கச் சொன்னா நின்னாங்க. பாக்கச் சொன்னா பார்த்தாங்க. மூச்சு, அது இது எல்லாம் ஒரே தடவையில புடிச்சிக்கிட்டாங்க. இதை மட்டும் ஏன் புடிக்கல? அவங்களுக்குப் புரியலன்னு நான் நம்பமாட்டேங்க. இருவது வருஷமா சொன்னதைக் கேட்டுச் செய்யற உத்தியோகம். நீங்க சொன்னதைத்தான் செஞ்சிருப்பாங்க."

"அப்ப நான் தப்பா சொல்றேனா?"

"அது எனக்குத் தெரியாது. காலையில போய் ஒரு வார்த்தை சாரின்னு சொல்லிட்டு வாங்க. அப்படியே இடியாப்பம் வாங்கிக்கிட்டு வாங்க. நான் ஆட்டுக்கால் பாயா வச்சிடறேன்."

மன்னிப்பையும் பாயாவையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்க அவளால்தான் முடியும். மறுநாள் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் ஷஹாபுதீன் தூக்குச் சட்டியை வண்டியில் மாட்டிக்கொண்டு முதலியார்பேட்டைக்குக் கிளம்பினான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனான். மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அவனுக்குப் பழக்கம் இல்லை.

மில் ஆட்கள் குடியிருந்த சந்தில், வாசலிலேயே கடை. அந்நேரத்துக்கே ஏழெட்டுப் பேர் பாத்திரத்தோடு நின்றார்கள். இரண்டு பெரிய அடுப்புகள் இரைந்துகொண்டிருந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் மெலிந்த, உயரமான மனிதர் ஒருவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் அம்மாவாசை, கார்குழலியின் கணவர். உள்ளே தள்ளி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கார்குழலி உட்கார்ந்திருந்தார், கையில் மரத்தாலான இடியாப்ப அச்சு. ஷஹாபுதீனை அவர் இன்னும் பார்க்கவில்லை.

அம்மாவாசை ஒரு தட்டை எடுத்து மனைவியின் முன்னால் வைத்தார்.

"பிழி" என்றார்.

சாதாரணமாகச் சொல்லவில்லை, ஊரைக் கூட்டுகிற குரலில் சொன்னார். பதினைந்து வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவருக்குத் தன் குரலே காதில் விழாது, அதனால் எல்லாச் சொல்லையும் உரக்கத்தான் சொல்வார் என்று பக்கத்தில் நின்ற ஆள் ஷஹாபுதீனிடம் சொன்னார்.

ஷஹாபுதீன் அந்த ஆள் சொன்னதைப் பாதிதான் கேட்டான். அவன் கண் கார்குழலியின் கைமேல் இருந்தது. "பிழி" என்ற சத்தம் வந்ததும் அவருடைய தோள் இரண்டும் சேர்ந்து இறங்கின. முழங்கைகள் விலாவோடு ஒட்டின. பத்து விரலும் ஒரே நொடியில் மூடி இறுகின. அச்சு முழுவதும் ஒரு விரற்கடை கீழே போனது. தட்டில் வெள்ளை வெளேரென்று மாவு நூல்நூலாகச் சுருண்டு விழுந்தது.

அடுத்த தட்டு. "பிழி."

தோள், முழங்கை, பத்து விரல், ஒரு விரற்கடை.

"பிழி."

மறுபடியும் அதேதான். எட்டு நாளாக அவன் பத்து மீட்டர் கூடத்தில் பார்த்த அதே அசைவு, அணுவும் பிசகாமல். ஒரு காலையில் இருநூறு தட்டு என்றால் இருபது வருஷத்துக்கு எத்தனை என்று ஜீனத்துன்னிசாவைத்தான் கேட்க வேண்டும். அத்தனை முறையும் அந்த ஒரு சொல்லுக்கு அந்தக் கை இப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறது. போதாததற்கு இவனும் பின்னால் நின்றுகொண்டு, பிழிங்க பிழிங்க என்று எட்டு நாளாக உயிரை வாங்கியிருக்கிறான். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். செய்யாமல் இருந்திருந்தால் ஒருவேளை குண்டு நேராகப் போயிருக்கும்.

ஷஹாபுதீனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே வெட்கம் வந்தது. சில கைக்கு வராது என்று சொன்னது நினைவுக்கு வந்ததும் அந்த வெட்கம் இரட்டிப்பாயிற்று. வராத கையா அது? வேலை தெரிந்த கை. தன் வாய்தான் தெரியாத வாய்.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தான். அடுப்பிலிருந்த ஒரு பானையின் மூடியை அம்மாவாசை திறந்தார். கார்குழலி அச்சை வைத்துவிட்டு எழுந்தார். ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து, ஆவிக்குள் கையை நீட்டி, மேல் தட்டு இடியாப்பத்தை லேசாகத் தொட்டு அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. வெந்துவிட்டது. அந்தக் கை ஆவிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டு இம்மியும் அசையவில்லை, மற்ற விரல்கள் சூடு படாமல் அவை பாட்டுக்கு மடங்கியிருந்தன. ஒரே ஒரு விரல் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

"அக்கா" என்று ஷஹாபுதீன் வரிசையை விட்டு முன்னால் போனான். நின்றவர்கள் முறைத்தார்கள்.

கார்குழலி அவனைப் பார்த்ததும் திகைத்துப் போனார். "தம்பி, நீங்க எங்க இங்க? எத்தினி வேணும்?"

"இருக்கட்டும்க்கா. இப்ப அந்த விரலால என்ன பண்ணீங்க?"

"வெந்துச்சான்னு பார்த்தேன்."

"மத்த விரலெல்லாம் சும்மா இருந்துச்சே?"

"மத்த விரலுக்கு அங்க என்னா வேலை?" என்றார் கார்குழலி.

"அவ்ளோதான்க்கா. அவ்ளோதான் நான் எட்டு நாளா சொல்லத் தெரியாம இருந்தது." அடுப்பு இரைச்சலில் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருந்தது, அதனால் வரிசை முழுவதும் கேட்டது. "தப்பு உங்க கையில இல்ல. நான் சொன்ன வார்த்தையில இருக்குது. நேத்து அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்க."

கார்குழலிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். யாரோ வேற்றாளுடைய கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க போலீஸ் ரேஞ்சிலயும் சுடும்போது எல்லாரும் அதையேதான் சொல்வாங்க தம்பி. பிழி, பிழின்னு" என்றார். "இம்மாம் வருஷமா அதனாலதானா?"

என்ன பேசுகிறார்கள் என்று அம்மாவாசை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வரிசையில் முன்னால் நின்ற ஆள் அவர் காதருகே குனிந்து விவரத்தைக் கத்தினார். அம்மாவாசை கையிலிருந்த தட்டை மனைவியின் முன்னால் வைத்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். விரல் முட்டியால் தட்டின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். டொக்.

கார்குழலி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அச்சைக் கையில் எடுத்தார்.

அன்று சாயங்காலத்திலிருந்து கூடத்தில் அந்தச் சொல் கிடையாது. துப்பாக்கியைத் தூக்கி முன்குறியைப் பார்த்ததும் ஷஹாபுதீன் பின்னால் நின்று, "வெந்துச்சான்னு பாருங்க" என்பான். கார்குழலி பார்ப்பார். முதல் நாள் நாணயம் இருபது முறையில் பதினொரு முறை விழாமல் நின்றது. டைல்ஸ் கடைக்காரர் மேலே சத்தம் குறைந்துவிட்டதே என்று படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் குண்டுகள் கீழிருந்து மெல்ல நடுவை நோக்கி ஏற ஆரம்பித்தன. இடையிடையே ஒன்று பழைய இடத்துக்கு ஓடிப்போகும். இருபது வருஷப் பழக்கம் இரண்டு நாளில் வீட்டைக் காலி பண்ணுமா?

"எங்க வீட்டுக்காரரு வாயைத் திறக்கறதே இல்ல தம்பி" என்றார் கார்குழலி. "தட்டைத் தட்டறாரு, நான் பிழியறேன். டெஸ்ட்டு முடியறவரைக்கும் பேசமாட்டாராம். காலையில எங்களுக்குள்ள இருந்ததே அந்த ஒரு பேச்சுதான். இப்ப அதுவும் இல்ல. என்னமோ துக்க வீடு மாதிரி இருக்குது."

"ரேஞ்சில யாராவது சொன்னா என்ன பண்ணுவீங்க?"

இரண்டு பேருக்கும் அதுதான் பயம். காதை மூடிக்கொண்டுதான் சுடுவார்கள், ஆனாலும் சுடுவதற்கு முன்னால் ஒருவராவது அக்கறையாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கப்போவதில்லை. அதனால் கடைசிச் சாயங்காலம் ஷஹாபுதீன் தானே அவர் பின்னால் நின்றுகொண்டு சொன்னான். மெதுவாகச் சொன்னான், அதட்டிச் சொன்னான், அம்மாவாசையின் குரலில் கத்திக்கூடச் சொன்னான். முதல் நாலைந்து முறை நாணயம் விழுந்தது. பிறகு கார்குழலி கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். "அது வேற அடுப்பு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினார். நாணயம் நின்றது. அடுத்த முறை விழுந்தது. அதற்கடுத்த முறை நின்றது. அதற்குமேல் நேரம் இல்லை.

புதன்கிழமை பகல் முழுவதும் ஷஹாபுதீனுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் போன் செய்தான். எடுக்கவில்லை. நாலு மணிக்குச் செய்தான். எடுக்கவில்லை. பாஸ் ஆகியிருந்தால் அவரே கூப்பிட்டிருப்பாரே என்று தோன்றியதும் மூன்றாவது முறை செய்ய விரல் வரவில்லை.

"வேலையில இருப்பாங்க" என்றாள் ஜீனத்துன்னிசா.

"அதுவும் இருக்கலாம்."

"காலையில போய் இடியாப்பம் வாங்கிக்கிட்டு வாங்க" என்றாள். இந்த முறை பாயாவைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை சந்தில் வரிசை வழக்கம்போல் நின்றது. ஷஹாபுதீன் கடைசியில் போய் நின்றுகொண்டான். உள்ளே கார்குழலி குனிந்து மாவை அச்சில் நிரப்பிக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. அம்மாவாசை தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. இரவெல்லாம் தூங்காத முகம்.

முன்னால் நின்ற ஆள் திரும்பி ஷஹாபுதீனிடம் கிசுகிசுத்தார். "நேத்து டெஸ்ட்டு முடிஞ்ச கையோட கைதியைக் கூட்டிக்கிட்டு விழுப்புரம் அனுப்பிட்டாங்களாம். அந்தம்மா வந்து சேர ரொம்ப நேரமாயிடுச்சு. இவரும் கேக்கல, அதுவும் சொல்லல. கேட்டா என்னா வந்துடுமோன்னு பயப்படறாரு மனுசன்."

பயம் அவருக்கு மட்டும் இல்லை என்று ஷஹாபுதீனுக்குத் தெரியும். அவனும் வரிசையில் நின்றவாறே தூக்குச் சட்டியின் கைப்பிடியை விரல் வெளுக்க இறுக்கிக்கொண்டிருந்தான்.

அம்மாவாசை முதல் தட்டை எடுத்து வைத்தார். முட்டியால் தட்டினார். டொக்.

கார்குழலி பிழியவில்லை. அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மாவாசை மறுபடி தட்டினார்.

"இனிமே சொல்லலாம்" என்றார் கார்குழலி.

அடுப்பு இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து காதை முன்னால் நீட்டினார். "என்னா?"

கார்குழலி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். வரிசைக்கும் கேட்டது, அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"இனிமே நீ வாயைத் தொறந்து சொல்லலாம்னேன். எழுவத்திரண்டு."

அம்மாவாசை தட்டின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். மில்லில் போன காதில் எண் சரியாக விழுந்ததா என்று சந்தேகப்படுவதுபோல் அவர் உதடுகள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டன. பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆவி பட்டுத்தான் துடைக்கிறார் என்று வரிசையில் யாரும் நம்பவில்லை. ஷஹாபுதீனும் எங்கோ பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லேன்யா. ஆளுங்க நிக்கறாங்க" என்றார் கார்குழலி.

அம்மாவாசை தட்டை நேராக நகர்த்தி வைத்தார். ஊரைக் கூட்டும் அந்தக் குரல் அன்று பாதிதான் வந்தது.

"பிழி" என்றார்.